கரிசற் கூலமும் தமிழர் உடல்நலமும்

ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை நிரல்படுத்திய தொல்காப்பியர், தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்து மாந்தரை அறிய வேண்டின், அவர் வணங்குவதையும் உண்பதையும் முதற்கண் அறிதல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையின் கருத்துப்போலும். முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் என உரையாசிரியர் விரித்துரைப்பர். ஆக, வயல்நெல் மருதத்தின் உணவு. தமிழகம் முழுமைக்கும் உரிய ஒரே உணவாக அஃது அந்நாளில் இருந்ததில்லை.

இவ்வுண்மையைக் கண்ணாற் காண விரும்புவார் கரிவலம்வந்தநல்லூரில் நின்று கிழக்கும் மேற்கும் நோக்கினாற் போதும். இராசபாளையத்திற்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. மேற்கே, மலையடிவாரத்தில், குளத்துப் பாசனமும் நெல்வயலும் எலுமிச்சைத் தோட்டமும் உள்ளன. கிழக்கே குருவிகுளம், கோவில்பட்டி நோக்கிச் செல்லச் செல்ல, வானம் பார்த்த கரிசற்காடு விரிகின்றது. பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் அம்மண்ணின் மக்கள். வெள்ளையர் ஆட்சி கூடக் கரிசல் வேளாண்மைக்கெனத் தனி ஆய்வு தேவை என்று கண்டு, 1901இல் கோவில்பட்டியில் ஆய்வுநிலையம் அமைத்தது. 

இரண்டு தலைமுறைக்கு முன் கரிசற் சிற்றூர்களில் நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே அடுப்பேறும். மற்றை நாள்களில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு, கேப்பைக்கூழ். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல், கீரைக் கடைசல், கருவாடு. இச்சொற்களை ஒருகணம் உற்று நோக்குக. அன்று 'சோறு' என்றாற் பொதுப்பெயர்; நெல்லில் ஆக்கியதைப் பிரித்துக் காட்ட 'நெல்லுச்சோறு' என அடைகொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று 'சோறு' என்றாலே அரிசி என்றாயிற்று. கம்புக்குத்தான் அடை வேண்டியிருக்கின்றது. அதனினும் கொடுமை, அச்சோறும் இழிசொல்லாகக் கருதப்பட்டு, வீடுகளிலும் உண்டிச்சாலைகளிலும் 'சாதம்' ஆகிவிட்டது. உணவு மாறுவதற்கு முன் அதன் பெயர் மதிப்பிழந்தது. கம்பு உண்பவர் காட்டார், நெல் உண்பவர் நாட்டார் என்னும் எண்ணம் பரவிய பின், பிள்ளைகள் கூழ்க்கலயத்தைப் பள்ளித்தோழரிடமிருந்து மறைக்கத் தலைப்பட்டனர். இடைசெவலில் பிறந்த கி. இராசநாராயணன் (1923–2021) கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதி ஆக்கினார். சொற்கள் அகராதிக்குள் புகும் நாளில் அவை குறித்த பண்டங்கள் அடுக்களையை விட்டு நீங்கிக்கொண்டிருந்தன.

நகைப்பிற்குரியது ஒன்றுண்டு. அன்று இழிவென்று தள்ளிய அதே கம்பும் சாமையும் இன்று பளபளக்கும் தாட்பெட்டிகளில் அடைபட்டு, 'மில்லட்' என்னும் ஆங்கிலப் பெயர் சூடிப் பன்மடங்கு விலைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. தமிழில் எழுதுவோரும் 'சிறுதானியம்' என்றே எழுதுகின்றனர். கூலம் என்னும் தூய தமிழ்ச்சொல் இருக்கின்றது. மணிமேகலை ஆசிரியர் கூலவாணிகன் சாத்தனார் என்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்த செய்தி. கூலக்கடை நடத்தியவர் காப்பியம் பாடிய நாட்டில், கூலத்திற்கு அயற்பெயர் தேடுவது என்ன வறுமையோ!

நெல் ஏன் வென்றது என்பதைச் சினமின்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டுமுறை வந்தது, கோதுமை வந்தது. 1956இல் இந்திய ஒன்றியம் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின், அந்நாட்டுக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. தவிடும் முளையும் நீங்கிய வெறும் வெண்மாவாகிய மைதா தென்மாவட்டங்களில் வேரூன்றுதற்கு அக்காலமே வழிதிறந்தது. இன்று இராசபாளையத்திலிருந்து தென்காசி வரை சாலையோரத்தில் மாலை மயங்கும் வேளையில் கல்லில் தட்டும் ஓசை கேளாத ஊரில்லை. விசைத்தறியில் இரவு நின்று உழைப்பவனுக்கும், சுமையுந்து ஓட்டுபவனுக்கும் பரோட்டாவே இரவுணவு. அயலார் கோதுமையின் மிக எளிய பகுதி, நெய்ம்மரப் பனை எண்ணெயில் தோய்ந்து, இங்குத் 'தென்பாண்டிச் சீமையின் சிறப்புணவு' என்னும் பட்டமும் பெற்றுவிட்டது.

அரிசி, அரசின் கையாலும் வந்தது. 2008இல் ஒரு கிலோ ஒரு உருபா என்றும், 2011இல் விலையில்லாமலும் நயவிலைக் கடைகளில் அரிசி வழங்கப்பட்டது. இதனை எள்ளுவோர் பசியின் கொடுமை அறியாதவர். கூலி கிடைக்காத நாளிலும் அடுப்பெரியச் செய்த திட்டம் அது. தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆயின் பசியை ஓட்டிய அரிசி, கம்பையும் உடன் ஓட்டிவிட்டது. ஒரு தட்டில் விலையில்லா அரிசியும் மறுதட்டில் விலைகொடுத்து வாங்கும் கம்பும் வைத்தால், ஏழையின் துலாக்கோல் எப்பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

தீட்டிய வெள்ளரிசியின் குறை புதிதாகக் கண்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சாவகத் தீவில் ஆலந்து நாட்டு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் கால்சோர்ந்து விழுவதையும், தவிடு உண்டால் தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் கரணியம் அங்கேதான் துலங்கியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்மண்ணிலும் அத்தகைய ஆய்வு நடந்தது. 1918 முதற்கொண்டு குன்னூரில் இராபர்ட்டு மெக்காரிசன் என்பார் ஊட்டக் குறைநோய்களை ஆய்ந்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாநிலத்தார் ஆகியோர் உண்ணும் உணவுகளைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்கு ஊட்டினார். சீக்கியர் உணவுண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை உணவுண்டவை எல்லாவற்றினும் மெலிந்து கிடந்தன.

இச்செய்தியை எடுத்துக்காட்டித் 'தமிழன் உணவே தாழ்ந்த உணவு' என்று பேசியவர் உண்டு. அவர் ஒன்றை மறைத்தனர், அல்லது மறந்தனர். அவ்வெலிகளுக்கு ஊட்டியது தீட்டிக் கழுவிய அரிசி, பருப்பும் காய்கறியும் சிறிது, பால் அரிது. அது கம்பங்கூழும் காணமும் கீரையும் மோரும் அன்று. ஆலை அரைத்துத் தந்த உணவு. அதே குன்னூரில் 1935 முதல் பொறுப்பேற்றிருந்த அய்க்ராய்டு முதலியோர் ஆராய்ந்து கண்ட மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார்க் கடற்கரையில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாக இருந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிரூட்டம் அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகின்றது. நெல் அவித்த தமிழ்த் தாய்மார் தயமின் என்னும் பெயரை அறியார். அவர் கை அதனைக் காத்தது.

இனி இன்றைய நிலை. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளிவந்த பேராய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுற்றிருப்பதாகக் கணித்தது. அகவை வந்தோருள் நாட்டளவில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல அளவாய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் உடல் எடை மிக்கவர். ஆண்களில் 37 விழுக்காட்டினர். அதே அளவாய்வில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் அரத்தச் சோகை உடையவர். இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். எடை மிக்க உடலிலேயே இரும்பு குறைந்த குருதி ஓடுகின்றது! வயிறு நிரம்புகின்றது, உடம்பு பட்டினி கிடக்கின்றது.

கரணியம் மறைவானதன்று. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராமும் இல்லை. கேழ்வரகில் சுண்ணம் 350 மில்லிகிராம் அளவில் உள்ளது. அரிசியில் 10ஐ எட்டுவதில்லை. கம்பில் புரதம் ஏறத்தாழ 11 கிராம், அரிசியில் 8. நார் நீங்கிய மாவுணவு விரைவில் செரித்துக் குருதியில் இனிப்பை விரைந்து ஏற்றுகின்றது. அதனை அடக்கக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. உழைக்கும் தசை அவ்வினிப்பை வாங்கிக்கொள்ளும். உழைப்புக் குறைந்தவிடத்து அது கொழுப்பாய் வயிற்றைச் சுற்றித் தங்கும். ஏர் பிடித்தவன் மூன்று வேளையும் சோறுண்டான். அவன் மகன் அதே அளவுண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கின்றான். இருபதில் அது தெரியாது. நாற்பதில் நீரிழிவும் அரத்த அழுத்தமும் தலைகாட்டும். ஐம்பத்தைந்தில் நெஞ்சாங்குலையும் சிறுநீரகமும் கணக்குக் கேட்கும்.

இவ்விடத்துத் தமிழன்பர் சிலர் செய்யும் பிழையையும் சுட்டாமல் விடுதல் தகாது. 'கம்பும் தினையும் நீரிழிவிற்கு மருந்து; கருப்பட்டி எவ்வளவும் உண்ணலாம்' என்று மேடையில் முழங்குவோர் பெருகியுள்ளனர். பழமை என்னும் பெயரால் பொய் சொல்வது பழமைக்கே இழுக்கு. கருப்பட்டியும் இனிப்பே, சீனி ஏற்றும் வண்ணமே அதுவும் குருதியில் இனிப்பை ஏற்றும். மேற்சொன்ன ஆய்வுக் குழுவினர் 2025இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இந்தியர் பெறும் உணவாற்றலில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருவதாகக் காட்டியது. அவ்வளவைக் குறைக்காமல், வெள்ளரிசியை நீக்கி அவ்விடத்தில் கோதுமையையோ சிறுகூலத்தையோ வைப்பதனால் மட்டும் நீரிழிவின் இடர் குறைவதில்லை என்றும், மாவுப்பொருளில் ஒரு பகுதியைக் குறைத்துப் பயறு, பால், முட்டை, மீன் ஆகிய புரத உணவைக் கூட்டினால்தான் குறையும் என்றும் அது கூறுகின்றது. கம்பஞ்சோற்றை மலைபோற் குவித்து உண்பதற்கு அறிவியலும் இடங்கொடாது, வள்ளுவரும் இடங்கொடார். மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறளுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியனவே: முன் உண்டது செரித்தபின் உண்க, அளவறிந்து உண்க, மாறுபாடில்லாதவற்றை உண்க என்பன. மருந்தின் பெயரை ஓரிடத்தும் அவர் சொல்லவில்லை.

பழைய கரிசலுணவின் ஆற்றல் கம்பில் மட்டும் இல்லை, சேர்க்கையில் இருந்தது. கூலங்களில் உள்ள இரும்பைப் பைட்டேட்டு என்னும் ஒரு பொருள் பிணித்து வைத்திருக்கும். உடம்பு அதனை எளிதில் பெறாது. மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அப்பிணிப்புத் தளர்கின்றது. நெல்லியும் எலுமிச்சையும் தரும் புளிப்பு, இரும்பைக் குருதிக்குள் ஏற்றத் துணைசெய்கின்றது. புளிங்கூழும் மோரும் கீரையும் காணமும் ஒரு தட்டில் கூடியது தற்செயல் அன்று, பட்டறிவின் விளைவு. இன்று அவ்விடத்தில் என்ன உள்ளது? உண்டவுடன் ஒரு குவளைத் தேநீர். தேநீரின் துவர்ப்பொருள் இரும்பைத் தடுப்பது. புளியங்குடி எலுமிச்சை லாரி லாரியாக வெளியூர் செல்ல, அதன் அருகிலுள்ள ஊர்ப் பெண்டிர் குருதி வெளுத்துத் தேநீர் அருந்திக் கொண்டிருக்கின்றனர்!

பெண்டிர் உணவு தனியே பேசத்தக்கது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கூட்டி ஊட்டும் வழக்கம் நெல்லைச் சீமையில் இன்றும் ஓரளவு உண்டு. வளரும் உடம்புக்குப் புரதமும் கொழுப்பும் தரும் நல்ல வழக்கம் அது. ஆயின் அதே பெண் கருவுற்றால், 'மிகுதியாக உண்ணாதே. பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும்' என்று தட்டைச் சுருக்குவோர் உண்டு. பழுத்த பப்பாளியையும் சூடு என்று விலக்குவர். பிள்ளை பெற்றபின் நீரைக் குறை, காய்கறியைத் தள்ளு என்பர். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளும் அவளே. இவற்றைத் தமிழ்ப் பண்பாடு என்று போற்றுவது அறியாமை.

தாயின் தட்டில் குறைவது பிள்ளையின் ஐம்பதாம் அகவையில் வெளிப்படும் என்பதற்குச் சான்று உண்டு. 1944–45 குளிர்காலத்தில் செருமானியர் முற்றுகையால் ஆலந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர் ஐம்பது அகவையை எட்டியபோது, குருதியின் இனிப்பைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவரிடம் குறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. புனேயில் மருத்துவர் யாக்னிக்கும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது, அப்பகுதிக் குழந்தைகள் பிறக்கையில் 2.7 கிலோ அளவினராய், இங்கிலாந்துக் குழந்தைகளின் 3.5 கிலோவினும் மிகக் குறைந்திருந்தும், தசை குறைந்த அளவிற்குக் கொழுப்புக் குறையவில்லை என்று கண்டனர். மெலிந்து தோன்றும் உடலில் கொழுப்பு ஒளிந்திருக்கின்றது. பின்னாளில் அவ்வுடலுக்கு வெள்ளரிசியும் மைதாவும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் விளைவது நீரிழிவு. 'ஒல்லியாக இருப்பவனுக்கு ஏன் இந்நோய்?' என்னும் வினாவிற்கு விடை பெரும்பாலும் தாயின் தட்டிலேயே தொடங்குகின்றது.

முதுமை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகின்றது. அறுபது கடந்தவர்க்குக் கஞ்சி போதும் என்று பருப்பையும் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகின்றனர். தசை கரையும் பருவம் அது. புரதம் மிகுதியும் வேண்டும் காலம் அது. கஞ்சி மட்டும் குடித்த முதியவர் தடுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் ஆழ்வதை 'ஊழ்' என்று சொல்லி அமைகின்றனர். சிறுநீரக நோயுற்றோர் நிலை வேறு; அவர் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு பழந்துயரம் உண்டு. வரதுங்கராம பாண்டியன் பெயரோடு இணைந்த அவ்வூரில் ஏட்டுச்சுவடிகள் மிகுந்திருந்தன என்று கேள்வியுற்று உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். ஆகமம் அவ்வாறு விதிக்கின்றது என்றனராம். 'என் சரித்திர'த்தில் இதனைப் படிப்போர் கண் கலங்குவர். பகைவர் கொளுத்தவில்லை, காப்பாளரே, மதிப்போடு, நெய்விட்டுக் கொளுத்தினர். கூலத்திற்கும் அதுவே நேர்ந்தது. கம்பை எவரும் தடைசெய்யவில்லை. குலுக்கையில் இருந்த விதை தீர்ந்தபோது, 'இனி நெல்லுச்சோறு உண்போம்' என்று மகிழ்ந்து அக்குலுக்கையையே உடைத்தெறிந்தனர். எத்தனை நாள் ஊறவேண்டும், எந்தப் புளிப்பில் கூழ் இறக்கவேண்டும் என்னும் அறிவு இன்று எழுபது கடந்த மூதாட்டியர் சிலர் கையில் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

மீட்சிக்கு வழி இல்லாமல் இல்லை. 2023ஐ உலக நாடுகள் அவை சிறுகூல ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்ட நயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தமிழக அரசு தொடங்கியது. தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டக் கரிசல் ஊர்களுக்குக் கம்பும் சோளமும் அவ்வாறே வழங்கப்படுதல் வேண்டும். உழவரிடமிருந்து நல்விலைக்குக் கொள்முதல் செய்தாலன்றி, பருத்தியையும் மக்காச்சோளத்தையும் விட்டுக் கம்பு விதைக்க எவர் முன்வருவர்? 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிய பகலுணவுத் திட்டமும், 1982இன் சத்துணவும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலையுணவும் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்த்தன. அக்காலையுணவில் உப்புமாவும் கிச்சடியும் பெரும்பகுதி கோதுமை இரவையாலும் சேமியாவாலும் ஆகின்றன. கரிசற் பள்ளிகளில் கிழமைக்கு இருநாளேனும் அந்த இடத்தில் குதிரைவாலிப் பொங்கலும் பாசிப்பயறும் வைத்தால் பிள்ளை உண்ணாதோ? பள்ளியில் ஆசிரியர் முன் உண்ணும் உணவை எந்தப் பிள்ளையும் இழிவென்று கருதாது. அன்று கலயத்தை மறைக்கச் செய்த நாணம் அங்கேயே தீரும்.

ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. குதிரைவாலியின் உமி கடினமானது. பலகாற் குத்திப் புடைத்தாலன்றி அரிசி வெளிப்படாது. அன்று அதனை உரலில் இட்டு விடியுமுன் குத்தியவள் பெண். நெல்லரிசி ஆலையிலிருந்து வந்தபோது முதலில் மகிழ்ந்தவளும் அவளே, அம்மகிழ்ச்சி நேரியது. காட்டுவேலையும் நூறுநாள் வேலையும் முடித்து வருபவளிடம் மீண்டும் உலக்கையைக் கொடுப்பதற்குப் பெயர் பண்பாட்டு மீட்சி அன்று. உமிநீக்கும் சிறுபொறி ஊருக்கு ஒன்று, மகளிர் தன்னுதவிக் குழுவின் பொறுப்பிலோ ஊராட்சியின் பொறுப்பிலோ வருதல் வேண்டும். கம்பை விற்கச் சங்கரன்கோவில் அங்காடிக்குச் செல்லும் உழவன், குதிரைவாலியை அரைக்க வெளி மாவட்டத்திற்குச் செல்ல வேண்டிய நிலை இருக்குமளவும், அது வயலில் விளைந்தாலும் அவன் வீட்டு அடுப்பை எட்டாது.